சாயம் போகும் சட்டை

எங்கள் விருதுநகர்ப் பக்கத்தில் பழைய சட்டைக்கு ஒரே ஒரு வியாபாரிதான் உண்டு. எவர்சில்வர் பாத்திரக் கூடையோடு தெருவில் கூவிக்கொண்டு வருகிறவர். நான்கு சட்டை, இரண்டு வேட்டி, ஒரு புடவை என்று நெடுநேரம் கணக்குப் பேசிவிட்டுக் கடைசியில் ஒரு டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, அமெரிக்காவில் யாரோ ஒருவர் போட்டுக் கழற்றிய சட்டையை இணையத்தில் விலை பேசி, தபால் செலவும் சுங்க வரியும் கட்டி வரவழைத்தேன் என்றால், வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். "செத்தவன் சட்டையோ என்னமோ" என்று சொல்லி, என் மனைவி அதைப் பீரோவுக்குள் வைக்கக்கூட விடவில்லை.

பழைய உடுப்புகளைத் தேடி வாங்குகிறவர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு சாஸ்திரமே உண்டு. கழுத்துப்பட்டையில் போட்டிருக்கும் அளவை நம்பக்கூடாது. சட்டையைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரைக்கும் எத்தனை அங்குலம் என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். வயதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. உடுப்பை எப்படித் துவைப்பது என்ற குறிப்பை அதிலேயே தைத்திருக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1972 ஜூலையில் அமலுக்கு வந்தது. குறிப்பு இல்லாத சட்டை பெரும்பாலும் அதற்கு முந்தியது. என் சட்டையில் குறிப்பு இல்லை. அதற்குப் பதில் வேறொரு வாசகம் இருந்தது. அதற்காகத்தான் பணத்தைக் கொட்டினேன். 'இந்தியாவில் கையால் நெய்த மதராஸ் துணி. சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்.'

சாயம் போகாது என்று உத்தரவாதம் கொடுத்துத்தான் நம் ஜவுளிக்கடைகளில் துணி விற்கிறார்கள். ஒருவனுடைய யோக்கியதை அம்பலமானால் 'சாயம் வெளுத்துப்போச்சு' என்போம். அந்த வசவையே விளம்பரமாக்கி ஒரு தேசத்துக்கு விற்ற கதை எப்படி நடந்தது?

துணி என்னவோ நமக்குப் பழக்கமானதுதான். கட்டம் போட்ட பருத்தி, பார்த்தால் கைலி. சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது இந்தக் கரைத் துணிகளைக் கீழ்த்திசைத் தீவுகளுக்கு ஏற்றத்தான். மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை இன்றைக்கும் 'பெலிக்காட்' என்கிறார்கள். பழவேற்காடு அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. ஆங்கிலேயர் சென்னையில் வந்து குந்தியதும் இதற்காகத்தான். 1687 முதல் 1692 வரை ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த எலைஹு யேல், பிற்பாடு 1718-ல் அமெரிக்காவிலுள்ள ஒரு கல்லூரிக்குப் புத்தகங்களோடு ஒன்பது மூட்டைச் சரக்கும் அனுப்பினார். துணி முதலிய அந்தச் சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது; கல்லூரி அவர் பெயரை வைத்துக்கொண்டது. இருநூற்றைம்பது வருஷம் கழித்து அந்த யேல் மாணவர்கள்தான் கோடை வந்தால் மதராஸ் சட்டைக்கு அலைந்தார்கள்!

ஆனால் பழைய நாளில் இந்தக் கரைத் துணிக்கு வந்த கீர்த்தியின் காரணம் நேர் எதிரானது. துவைத்தாலும் சாயம் போகாது என்பதுதான் அது. இம்பூறல் என்கிற சாயவேரைத் தோண்டி எடுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில் படிகாரம் தொட்டுக் காய்ச்சினால் ஏறுகிற சிவப்பை எந்தத் தண்ணீராலும் கழுவ முடியாது. அந்த ரகசியத்தைத் தெரிந்துகொள்ள ஐரோப்பியர் படாத பாடு பட்டார்கள். புதுச்சேரியிலிருந்த கெர்தூ பாதிரியார் 1742-ல் நம் சாயக்காரர்களிடம் கேட்டறிந்த முறையையெல்லாம் கடிதமாக எழுதி அனுப்பினார். அதற்கு முன்னாலேயே பிரான்ஸ் 1686-லும், இங்கிலாந்து 1700-லும் மறுபடி 1721-லும், நம் பக்கத்து அச்சுத் துணிகளுக்குத் தடைச் சட்டம் போட்டுவிட்டன. மட்டமான சரக்குக்கு யாரும் சட்டம் போட்டுத் தடுப்பதில்லை.

பிறகு 1868-ல் ஜெர்மன் ரசாயனிகள் இருவர், சாயவேரில் இருக்கிற அதே சிவப்பை ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். 1897-ல் செயற்கை அவுரி நீலமும் கடைக்கு வந்தது. வேர் தோண்டினவர்கள் கதை அதோடு முடிந்தது.

இனி 1958. வில்லியம் ஜேக்கப்ஸன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் பம்பாய்க்கு வந்து, கண்ணனூர்க்காரரான காப்டன் கிருஷ்ணன் நாயரிடம் கஜம் ஒரு டாலர் விலையில் மதராஸ் துணி வாங்கினார். (பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவியவர் இந்த நாயர்தான்.) குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும் என்று நாயர் சொல்லி அனுப்பினாராம். அந்தச் சேதி புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேரவில்லை. பத்தாயிரம் கஜம் சட்டையாகவும் கோட்டாகவும் விற்றாயிற்று. வாங்கினவர்கள் இயந்திரத்தில் போட்டுத் துவைத்தார்கள். ஒரு கட்டத்தின் சிவப்பு அடுத்த கட்டத்தின் மஞ்சளில் இறங்கிற்று. வழக்கறிஞர்கள் வரைக்கும் விவகாரம் போனது. அப்போதுதான் 'செவன்டீன்' என்ற பத்திரிகையில் நாயரின் பேட்டி வந்தது: இது குறையல்ல, இந்தியக் கைத்தறியின் அற்புதம், ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புதுச் சட்டை! அவ்வளவுதான், கேட்டவர்களுக்குக் கொடுத்து மாளவில்லை என்று சொல்வார்கள்.

சிவகாசிக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு இதில் ஆச்சரியம் குறைவு. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்று வந்தது தீப்பெட்டித் தொழிலை. அந்தப் பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று போய்த்தான் அச்சுத் தொழிலே அங்கே தழைத்தது. குச்சி எல்லாம் ஒன்றுதான். கடையில் மயில் கொடு, அணில் கொடு என்று படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். நாயர் ஒட்டியதும் ஒரு லேபிள்தான், கெட்டிக்கார லேபிள். அதை நான் குறை சொல்லவில்லை. நெய்தவனுக்கு அந்த லேபிளில் என்ன பங்கு என்பதுதான் எனக்கு உறுத்திற்று.

சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த வயதான நெசவாளர் ஒருவர் அங்கே இருக்கிறார். துணியை வெளிச்சத்தில் பிடித்து, விரல் நகத்தால் இழையைப் பிரித்துப் பாவையும் ஊடையையும் எண்ணினார். நெசவு சுத்தம் என்றார். பிறகு, கலங்கிக் கிடந்த கட்டங்களைத் தடவிப் பார்த்தார்.

"சாயம் நிக்கலையே தம்பி. இப்படி ஒரு பாவை எங்க ஐயா நெஞ்சு கொண்டுபோயிருந்தா, முதலாளி கூலியிலே பிடிச்சிருப்பாரு."

"அதுக்குத்தான் அண்ணாச்சி அங்கே விலை" என்றேன்.

அவர் நம்பவில்லை. கழுத்துப்பட்டையைத் திருப்பி, "இது யார் பேரு?" என்று கேட்டார். சட்டையை விற்ற கடையின் பெயர் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, என்ன விலை கொடுத்தேன் என்று கேட்டார். கொடுத்ததில் கால்வாசியைச் சொன்னேன். அதற்கே அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, விற்பனைக்குப் போகிற புதுத் துணியை மடிப்பதுபோல் ஓரம் ஓரமாய்ச் சேர்த்து மடித்து என் கையில் கொடுத்தார்.