மருமகள் சுமந்ததும் ஊர் ஏற்றதும்

ஜப்பானின் கியூஷு தீவில், அரியாகே கடலோரம் இருக்கும் ஓமுட்டா நிலக்கரியால் வளர்ந்த ஊர். அங்குள்ள மீகே சுரங்கத்தின் மிகாவா குழியில் 1963 நவம்பர் 9 அன்று பிற்பகல் நிலக்கரித் தூள் வெடித்தது. 458 பேர் இறந்தார்கள். கார்பன் மோனாக்சைடு நச்சு ஏறிய நிலையில் உயிர் பிழைத்தவர்கள் 839 பேர்.

பிழைத்தவர்களின் வீடுகளில் அதன்பிறகுதான் உண்மையான துன்பம் தொடங்கியது. நச்சுவாயு பலருடைய மூளையைச் சிதைத்திருந்தது. காலையில் சொன்னது மாலையில் நினைவில் நிற்காது. சாதுவான மனிதர் காரணமில்லாமல் சீறுவார். கூடவே ஓயாத தலைவலி. வெளிக்காயம் எதுவும் இல்லை என்பதால் பார்ப்பவர்களுக்கு நோயாளியாகவும் தெரியாது. முப்பது நாற்பது வயதுக் கணவனை ஒரு குழந்தையைப் போலக் காவல் காத்துக்கொண்டு, வருமானத்துக்கும் வழி தேடியவர்கள் அவர்களுடைய மனைவிமார். 1967 ஜூலையில் அவர்களில் ஒரு கூட்டம் சுரங்கத்துக்குள் இறங்கி நாள்கணக்கில் உட்கார்ந்துவிட்டது. நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டவர்களுக்கான தனிச் சட்டம் அதே மாதத்தில் நிறைவேறியது. சட்டம் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடவில்லை. ஆனால் நினைவிழந்தவரைப் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண்ணின் சொந்தப் பாடு என்ற எண்ணத்தை, அந்தப் பெண்களே வாசலுக்கு வெளியே கொண்டுவந்து கேள்வியாக வைத்தார்கள்.

டிமென்ஷியா குடும்பங்களுக்கு இன்று உலகம் மெச்சும் உதவி ஏற்பாடுகளில் சில இதே ஓமுட்டாவில் உருவாயின. ஒன்றிலிருந்து மற்றது நேராக முளைத்தது என்பது மிகை. நடுவில் நாற்பது ஆண்டுகளும், வேறு சில ஊர்களும், ஒரு நாவலும் இருக்கின்றன.

அந்த நாவல் 1972இல் வந்தது. எழுதியவர் சவாகோ அரியோஷி. வழக்கறிஞர் அலுவலகமொன்றில் வேலை பார்க்கும் அகிகோ என்ற பெண். நல்ல காலத்தில் அவளைச் சதா குறை சொல்லிக்கொண்டிருந்த மாமனார் ஷிகேசோ. கிழவருக்கு நினைவு தப்புகிறது. பெற்ற மகனையே யாரோ என்று நினைப்பவர் மருமகளை மட்டும் அடையாளம் கண்டுகொள்கிறார். கணவனோ, தனக்கும் இந்தக் கதிதானோ என்று அஞ்சி ஒதுங்குகிறான். புத்தகம் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. மறு வருடமே திரைப்படமாகவும் வந்தது. நம் ஊரில் படித்தாலும் நாலு வீட்டு மருமகள்களாவது தங்கள் கதை என்பார்கள். குடும்பம் பார்த்துக்கொள்கிறது என்று பெருமையாகச் சொல்லப்பட்டதெல்லாம் நடைமுறையில் ஒரே ஒரு பெண் பார்த்துக்கொண்டதுதான் என்பதை அரியோஷி பூசி மெழுகாமல் எழுதிவிட்டார்.

வீட்டில் முடியாமல் போனால் அக்காலத்தில் போக்கிடம் பெரும்பாலும் மனநல மருத்துவமனை. அங்கே முதியவர்களுக்கென்றே ஓர் உடுப்பு இருந்தது. கழுத்திலிருந்து கால்வரை ஒரே துணியாகத் தைத்து, தானே அவிழ்க்க முடியாதபடி பூட்டுப் போட்டது. அணையாடையைப் பிய்த்துப் போடுகிறார், உடம்பைச் சொறிந்துகொள்கிறார் என்று காரணம் சொல்லி இதை மாட்டிவிடுவார்கள். பின்னாளில் வந்த பராமரிப்புக் காப்பீட்டின் கீழ் இயங்கும் இல்லங்களில் இப்படிக் கட்டிப்போடுவதற்குத் தடை வந்தது 2000ஆம் ஆண்டில்தான்.

குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்தது 1980 ஜனவரியில், கியோட்டோவில். மாகாண அரசு ஊழியராக இருந்த குனியோ தகாமி, தன் வளர்ப்புத் தாய்க்கு நோய் வந்து வீட்டில் அவதிப்பட்டவர். 2017 வரை சங்கத்தை அவர்தான் வழிநடத்தினார். சங்கம் செய்த வேலைகள் மூன்று. மாதாமாதம் கூடி உட்கார்ந்து பேசுவது. தொலைபேசியில் ஆலோசனை சொல்வது. ஒரு செய்திமடல் நடத்துவது. செய்திமடலுக்கு வைத்த பெயர் போலே போலே. சுவாஹிலி மொழியில் மெதுவாக, நிதானமாக என்று பொருள். கூட்டத்தில் புதிதாக வந்தவர் அழுது முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள்; அப்புறம் இரவில் எழுந்து ஓடுபவரை எப்படிச் சமாளிப்பது, சோறு போட்ட பிறகும் இன்னும் போடவில்லை என்பவருக்கு என்ன பதில் சொல்வது என்று பேச்சு நகரும். மருத்துவரிடம் கிடைக்காத பல விடைகள் பக்கத்து நாற்காலியில் கிடைத்தன. இன்று ஜப்பானின் 47 மாகாணங்களிலும் அந்தச் சங்கத்துக்குக் கிளை உண்டு.

இந்தச் சங்கத்துக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் மருத்துவர் கசுதேரு ஹயகாவா. பட்டு நெசவாளர்கள் நிறைந்த நிஷிஜின் வட்டாரத்தில், குடியிருந்தவர்களே காசு போட்டு 1950இல் தொடங்கிய சின்ன மருந்தகத்துக்கு இளம் மருத்துவராக வந்தவர். பின்னால் அது ஹோரிகாவா மருத்துவமனையாக வளர்ந்தது. வீடுவீடாக நடந்து வைத்தியம் பார்த்ததால் வைக்கோல் செருப்பு டாக்டர் என்று பெயர் வாங்கினார். தொண்ணூறு வயதையொட்டி அவருக்கே ரத்தப் புற்றுநோய் வந்தது. மறைக்கவில்லை, ஊரறியச் சொன்னார், பேட்டிகளும் கொடுத்தார். 2018இல் மறைந்தார்.

கியோட்டோ சங்கம் வீட்டுக்குள் இருந்தவர்களைக் கூட்டிவைத்தது. வீட்டை விட்டுப் போய்விட்டவர்களைத் தேட வழி கண்டது வடக்கே ஹொக்கைடோவின் குஷிரோ நகரம். அங்கே ஒரு மூதாட்டி காணாமல் போய்ப் பிணமாகக் கிடைத்தார். உள்ளூர்க் குடும்பங்களின் சங்கம் அதை விதி என்று விட்டுவிடாமல், நேரத்தோடு நாலு பேருக்குச் செய்தி போயிருந்தால் பிழைத்திருப்பாரே என்று விடாமல் கேட்டது. 1994இல் காவல்துறை, டாக்ஸி நிறுவனங்கள், உள்ளூர் வானொலி எல்லாம் சேர்ந்த ஒரு தேடல் வலை உருவானது. பனி கொட்டும் ஊரில் ஓர் இரவு தாமதமானாலும் உயிர் போய்விடும். டாக்ஸி ஓட்டுநர் எப்படியும் தெருவில்தான் இருக்கிறார். அவர் கண்ணையும் கொஞ்சம் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

இதற்கிடையே தலைநகரில் ஒரு பெரிய வாக்குவாதம். முதியோர் பராமரிப்புக்குக் கட்டாயக் காப்பீடு கொண்டுவருவதா வேண்டாமா என்பது கேள்வி. ஆளும் கட்சியின் கொள்கைக் குழுத் தலைவராயிருந்த ஷிசுகா கமேய், பெற்றவர்களைப் பிள்ளைகள் பேணும் அழகிய மரபு கெட்டுவிடக் கூடாது என்று 1999இல் குரல் கொடுத்தார். கேட்க இனிமையான பேச்சு. மரபைக் காப்பாற்ற அவர் மனத்தில் வைத்திருந்த ஆள் யார் என்று கேட்கத்தான் கெய்கோ ஹிகுச்சி போன்றவர்கள் இருந்தார்கள். 1983இல் ஹிகுச்சி தொடங்கிய பெண்கள் அமைப்பு, பராமரிக்கும் குடும்பத்துக்குப் பணமாகக் கொடுக்கும் யோசனையைக்கூட எதிர்த்தது. மாதம் ஒரு தொகை கையில் வந்தால், மருமகள் வேலையை விட்டு வீட்டோடு கிடக்க வேண்டும் என்பது எழுதாத சட்டமாகிவிடும் என்பது அவர்கள் வாதம். பணம் வேண்டாம், ஆளை அனுப்பு என்றார்கள். உதவி வேண்டும் என்று கேட்பவர்களே பணத்தை மறுப்பது அரிது. ஆனால் கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தார்கள். 2000 ஏப்ரலில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 40 வயதானவர்கள் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். தேவைப்படும்போது வீட்டுக்கு உதவியாளர் வருவார், பகல்நேர மையத்துக்கு வண்டி வந்து அழைத்துப் போகும். தொடக்கத்தில் செலவில் பத்தில் ஒரு பங்கு குடும்பத்துடையதாக இருந்தது. கமேயின் குரலும் வீண்போகவில்லை: முதியோர் சந்தா முதல் ஆறு மாதம் வசூலிக்கப்படவில்லை.

மீகே சுரங்கம் 1997 மார்ச்சில் மூடப்பட்டது. ஒருகாலத்தில் இரண்டு லட்சம் பேர் இருந்த ஓமுட்டாவில் இப்போது சுமார் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர். மூன்றில் ஒருவருக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். இளையவர்கள் வேலை தேடிப் போய்விட்ட ஊரில் மருமகளும் கிடையாது. ஊரில் எஞ்சியவர்களை வைத்துத்தான் எதையும் செய்ய வேண்டியிருந்தது. 2001இல் பராமரிப்பு நிறுவனங்களின் ஊழியர்கள் ஓர் ஆய்வுக் குழு அமைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு படக்கதைப் புத்தகம் தயாரித்து, தாத்தாவுக்கு என்ன ஆகிறது என்பதை வகுப்பறையில் பேசவைத்தார்கள். 2004இல் ஹயமே மினாமி என்ற பள்ளி வட்டாரத்தில் தேடும் ஒத்திகை தொடங்கியது.

ஒத்திகை நடப்பது இப்படி. ஒருவர் வழி தவறிய முதியவராக நடித்துக்கொண்டு தெருவில் நடப்பார். காணவில்லை என்று புகார் போகும். அங்கிருந்து அஞ்சலகம், டாக்ஸி, கடை, பள்ளி என்று அடையாளக் குறிப்பு பரவும். உடுப்பின் நிறம், செருப்பு, நடை. பார்த்தவர் பேச்சுக் கொடுக்க வேண்டும். இங்கேதான் ஆட்கள் தடுமாறுவார்கள். முன்பின் தெரியாத பெரியவரைத் தெருவில் நிறுத்திப் பேசுவது அந்த நாட்டில் சுலபமல்ல. அவருக்கு ஒன்றுமில்லை என்றால் மரியாதைக் குறைவாகிவிடுமே என்ற கூச்சம். அதனால் பயிற்சியில் மூன்று விதிகள் சொல்லித் தருகிறார்கள்: திடுக்கிடச் செய்யாதே, அவசரப்படுத்தாதே, தன்மானத்தைப் புண்படுத்தாதே. பின்னாலிருந்து தோளைத் தொடாமல், முன்பக்கமாக வந்து, இன்றைக்கு வெயில் அதிகம் என்று ஆரம்பித்தால் போதும். சில ஆண்டுகளில் ஒத்திகை நகரம் முழுக்கப் பரவி, மற்ற ஊர்க்காரர்கள் வந்து பார்த்துப் போகும் அளவுக்குப் பெயர் பெற்றது.

நாடு முழுக்கவும் அதே காலத்தில் ஓர் அலை. 2004 அக்டோபரில் கியோட்டோவில் நடந்த உலக மாநாட்டில் ஷுன்ஜி ஓச்சி என்பவர் தன் பெயரைச் சொல்லி, தனக்கு இந்த நோய் இருக்கிறது என்று மேடையில் பேசினார். குடும்பத்தார் பேசிக் கேட்டவர்களுக்கு நோயாளியே பேசியது புதிது. அந்த டிசம்பரில் அரசு நோயின் பழைய இழிபெயரை அதிகாரபூர்வமாகக் கைவிட்டது. 2005இல் தொடங்கிய ஒன்றரை மணி நேரப் பயிற்சியை முடித்தவருக்கு மணிக்கட்டில் அணிய ஆரஞ்சு வளையம் ஒன்று கொடுத்தார்கள். வங்கி ஊழியர், கடைக்காரர், பள்ளி மாணவர் என்று பயிற்சி பெற்றவர்கள் இன்று ஒன்றரைக் கோடிக்கு மேல்.

இத்தனைக்கும் நடுவில் 2007 டிசம்பரில் ஐச்சி மாகாணத்து ஓபு நகரில் ஒரு 91 வயதுப் பெரியவர் வீட்டை விட்டு வெளியேறி, ரயிலேறி, அடுத்த நிலையத்தில் தண்டவாளத்தில் இறங்கி அடிபட்டு இறந்தார். அவரைப் பார்த்துக்கொள்வதற்கென்றே மருமகள் தொலைவூரிலிருந்து வந்து பக்கத்தில் குடியேறியிருந்தாள். அன்று அவள் வேறு வேலையாகச் சில நிமிடம் விலகியிருந்தாள். 85 வயது மனைவி கண்ணயர்ந்துவிட்டாள். ரயில்கள் தாமதமானதற்கு ரயில் நிறுவனம் குடும்பத்திடம் நஷ்டஈடு கேட்டது. 2013இல் நகோயா மாவட்ட நீதிமன்றம் சுமார் 72 லட்சம் யென்னை மனைவியும் மூத்த மகனும் கட்ட வேண்டும் என்றது. மறு வருடம் உயர்நீதிமன்றம் அதைப் பாதியாக்கி மனைவி தலையில் மட்டும் வைத்தது. கண்ணயர்ந்ததற்கு 36 லட்சம் என்று நாடே கொதித்தது. கியோட்டோ சங்கமும் கண்டித்தது. 2016 மார்ச் 1 அன்று உச்சநீதிமன்றம் இருவரும் கட்டத் தேவையில்லை என்று தீர்த்தது.

தீர்ப்பில் ஒரு முள் இருந்தது. மேற்பார்வைப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டவர் போல ஒருவர் நெருக்கமாக நடந்துகொண்டால், அவரிடம் நஷ்டஈடு கேட்க இடமுண்டு என்றது அது. அக்கறையாகப் பார்த்துக்கொள்பவர் மாட்டிக்கொள்ளலாம், ஒதுங்கியவர் தப்பலாம் என்றுதான் குடும்பங்கள் இதைப் படித்தன. உள்ளாட்சிகளும் அப்படியே படித்தன. 2017இல் யமாட்டோ நகரம், நோயாளிகள் சார்பில் தானே விபத்துக் காப்பீட்டுச் சந்தா கட்டத் தொடங்கியது. 2019இல் கோபே நகரம் இன்னும் ஒரு படி போய், அதற்கான செலவைக் குடியிருப்போர் வரியில் ஆளுக்கு ஆண்டுக்கு 400 யென் கூட்டி வசூலித்தது. நோய் இல்லாத வீட்டுக்காரரும் கட்டுகிறார். ஆரஞ்சு வளையம் ஒரு பிற்பகலோடு முடிந்துவிடலாம். வரி ஆண்டுதோறும் வரும்.

டிமென்ஷியா அடிப்படைச் சட்டம் 2023 ஜூனில் நிறைவேறி மறு ஆண்டு ஜனவரியில் அமலுக்கு வந்தது. நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்தே அது பேசுகிறது. அந்த 2023இல் மட்டும் டிமென்ஷியாவோடு காணாமல் போனவர்கள் என்று ஜப்பானியக் காவல்துறையில் பதிவானவர்கள் 19,000 பேருக்கு மேல். ஒன்றரைக் கோடிப் பேர் பயிற்சி பெற்ற நாட்டில் இப்படியென்றால், பயிற்சி பெற்றவர்கள் எங்கே என்று கேட்கத் தோன்றும். அரசுக்கும் தோன்றியிருக்கிறது. வளையத்தை வாங்கிப் பெட்டியில் போட்டவர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, குறிப்பிட்ட குடும்பங்களின் வீட்டுக் கதவைத் தட்டவைக்கும் ஆரஞ்சுக் குழு என்ற திட்டத்தை 2019இல் இருந்து உள்ளாட்சிகள் வழியாக நடத்திவருகிறது.