எரிபொருள் மாசு: கார் எஞ்சினில் அதன் விளைவுகள்

பெட்ரோலிலோ டீசலிலோ இருக்கக் கூடாத பொருள் சேர்ந்து எரிதலையோ எஞ்சின் உறுப்புகளையோ கெடுப்பது எரிபொருள் மாசு எனப்படும். மண்ணெண்ணெய், நாப்தா, மலிவான கரைப்பான்கள் ஆகியவற்றை லாபத்துக்காகக் கலப்பது இதில் ஒரு வகை. மழைநீர், துரு, மணல், நுண்ணுயிர்ப் படலம் ஆகியவை கவனக்குறைவால் சேர்வது இன்னொரு வகை. திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்து ஆரம்பாக்கம் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோதான ஊர். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. கிழக்கே பழவேற்காடு ஏரியும் மீனவக் குப்பங்களும், வடக்கே தடா. ஆந்திரத்தில் எரிபொருள் விலை கூடுதல் என்பதால், வடக்கே போகும் வண்டிகள் எல்லை தாண்டுமுன் டேங்கை நிரப்பிக்கொள்வது இயல்பு. நிரப்பிய சற்று நேரத்தில் கார் மிஸ்ஸிங் அடித்து நின்றால், பெரும்பாலோர் முதலில் சந்தேகிப்பது மண்ணெண்ணெயை. இருபது ஆண்டுகளுக்கு முன் அந்தச் சந்தேகத்துக்கு வலுவான காரணம் இருந்தது. இன்றைய எஞ்சின்களையும் இந்தக் கடலோர மழையையும் சேர்த்துப் பார்த்தால், முதலில் தேட வேண்டியது தண்ணீரைத்தான்.

மண்ணெண்ணெய்ப் பழி வெறும் வதந்தியில் பிறந்ததல்ல. உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரியில் கலப்பட எரிபொருளுக்காகப் பங்க் ஒன்றின் மீது நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 ஜனவரி 25 அன்று மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே மாலேகாவ் கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணே எரித்துக் கொல்லப்பட்டதும் இந்தத் திருட்டு வணிகத்தைத் தட்டிக்கேட்டதற்காகத்தான். பெட்ரோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் செய்யும் கேடும் தெளிவானது. அதன் ஆக்டேன் எண் தாழ்ந்தது. ஆகவே பொறி விழும் முன்பும் பின்பும் கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டும். அது முழுமையாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, அங்குள்ள ஆயில் படலத்தைக் கழுவி, கீழே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி ஏறும். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு இந்தியத் தரநிலை அனுமதிக்கும் கந்தகம் 0.25 சதவீதம், 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 எரிபொருளில் பத்து லட்சத்தில் 10 பங்குதான், அதாவது 250-இல் ஒன்று. குறைந்த கந்தகத்தை நம்பி வடிவமைத்த புகைக்குழாய் வினையூக்கி, மண்ணெண்ணெய் கலந்த எரிபொருளில் சீக்கிரமே திறன் இழக்கும்.

ஆனால் கலப்படத்துக்குத் தூண்டுதல் விலை வித்தியாசம்தான், அது தேய்ந்துவிட்டது. ரேஷன் மண்ணெண்ணெய் விலை 2016 முதல் சிறுகச் சிறுக உயர்த்தப்பட்டு, 2020-இல் மைய அரசின் மானியம் நின்றது. மாநிலங்களுக்கான ஒதுக்கீடும் பெருமளவு குறைந்தது. மீனவர்களுக்கு மானிய மண்ணெண்ணெய் கிடைக்கிறதே, அது பங்குக்குப் போகாதா என்று கேட்கலாம். அந்த வாய்ப்பை அறவே மறுக்க முடியாது. ஆனால் அது படகுக்கு இவ்வளவு என்று அளந்து தரப்படுவது. தொழில் நடக்கும் நாட்களில் அவர்களுக்கே அது தேவை. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் விற்கும் நெடுஞ்சாலைப் பங்குக்கு அந்த வழியே மண்ணெண்ணெய் ஓடுகிறது என்று சான்றில்லாமல் சொல்வது, ஏரியில் வலை போடுகிறவர் மேல் வீண் பழி சுமத்துவதாகும்.

தண்ணீரின் கதை வேறு. அதைக் கலக்க யாரும் வேண்டியதில்லை. தடுக்காமல் விட்டாலே போதும். 2025 ஜூன் இறுதியில் மத்தியப் பிரதேச முதலமைச்சரின் பயணத்துக்காகச் சென்ற 19 கார்கள் ரத்லாம் அருகே டீசல் நிரப்பிச் சற்றுத் தூரத்திலேயே அடுத்தடுத்து நின்றன. டேங்குகளைக் கழற்றிப் பார்த்தபோது டீசலோடு தண்ணீர் வந்தது. மழைநீர் நிலத்தடித் தொட்டிக்குள் கசிந்தது என்று பங்க் தரப்பில் சொல்லப்பட்டது. ரத்லாம் கடலிலிருந்து நெடுந்தொலைவில் இருக்கும் ஊர். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர்மட்டம் தரையைத் தொடும் பழவேற்காட்டுக் கரையில் அதே கசிவுக்கு வாய்ப்புக் கூடுதல். 2023 டிசம்பர் 3, 4 நாட்களில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்ததைப் போன்ற பெருமழையில், தொட்டி மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் அந்த ஒரு குறையே போதும்.

பெட்ரோலில் எத்தனால் சேர்ந்த பிறகு தண்ணீரின் நடத்தை மாறியது. வெறும் பெட்ரோலில் தண்ணீர் கரையாது, அடியில் தங்கிவிடும். எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஏறத்தாழ அரை சதவீதம் வரை தண்ணீரைத் தாங்கும். 20 சதவீதக் கலவை இன்னும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். அந்த எல்லை தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் கூட்டாகப் பிரிந்து தொட்டியின் அடிக்குப் போகின்றன. உறிஞ்சு குழாய் இருப்பதும் அடியில்தான். ஆகவே எஞ்சினுக்கு முதலில் போவது எரியாத அந்த அடிக்கலவை. மேலே மிஞ்சும் பெட்ரோலோ எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைந்திருக்கும். ஸ்டார்ட் ஆகாமை, திணறல், டேங்குக்குள் இருக்கும் மோட்டார் துருப்பிடித்தல் எல்லாம் இதன் தொடர்விளைவு. மைலேஜ் குறைவை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்களில் 20 சதவீதக் கலவையால் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் இறங்கலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. அது கலவையின் இயல்பு, மாசின் அடையாளமல்ல.

கடற்காற்றின் ஈரம் கார் டேங்குக்குள் குளிர்ந்து நீராகிறது, அதனால் எப்போதும் டேங்கை நிறைத்தே வைக்க வேண்டும் என்ற அறிவுரை பரவலாகக் கேட்கக் கூடியது. கணக்குப் போட்டால் அது நிற்காது. 30 பாகை வெப்பத்தில் ஈரம் முழுதும் ஏறிய காற்று கன மீட்டருக்கு 30 கிராம் அளவே நீராவி கொண்டது. 40 லிட்டர் டேங்க் முழுக்கக் காலியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் நீர் ஒன்றேகால் கிராம் வராது. அதே டேங்க் நிறைய 10 சதவீதக் கலவை பிரியாமல் தாங்கும் நீரோ 200 மில்லிலிட்டர். இரண்டுக்கும் இடையே நூறு மடங்குக்கு மேல் தூரம். அதிலும் இன்றைய கார் டேங்குகள் திறந்து மூச்சுவிடுவதில்லை. மூடி சரியில்லாத கேனில் எண்ணெய் வைத்துப் படகுக்கு ஊற்றுகிறவர்கள் அஞ்ச வேண்டிய ஈரம், கார்க்காரரைத் தொடுவது அரிது. காரில் நீர் கண்டால் அது வெளியிலிருந்து, பெரும்பாலும் நிரப்பிய இடத்திலிருந்து வந்தது, அல்லது வெள்ளத்தில் நின்ற வண்டிக்குள் புகுந்தது என்றே கொள்ளலாம்.

டீசல் காரில் சேதம் இன்னும் கடுமையானது. காமன் ரெயில் அமைப்பில் டீசல் 1,600 முதல் 2,000 பார் அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. அந்தப் பம்பையும் இன்ஜெக்டரையும் உராயாமல் காப்பது டீசலின் வழுவழுப்பு ஒன்றே. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளியுள்ள உறுப்புகளுக்கு நடுவே தண்ணீர் வந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும். இன்ஜெக்டர் முனையில் நீர் சட்டென்று ஆவியாகி முனையை அரிக்கும். பம்பில் தேய்ந்த பொடி ரெயில், குழாய், இன்ஜெக்டர், டேங்க் என்று சுற்றிவருவதால், ஒன்றை மாற்றினால் போதாமல் மொத்தத்தையும் மாற்ற நேரும். நீர் அடியில் நாள்பட நின்றால் டீசலும் நீரும் சந்திக்கும் பரப்பில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து வழவழப்பான கறுப்புப் படலமாகி ஃபில்டரை அடைக்கும். உப்புநீர் என்றால் சோடியம் சேர்ந்து இன்ஜெக்டருக்குள் சோப்புப் போன்ற படிவு உண்டாகும். கழிமுகக் கரையில் இதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

இதற்கு ஏரிக்கரையிலிருந்தே ஒரு மறுப்பு வரலாம்: மண்ணெண்ணெயில் ஓடும் படகு எஞ்சின்கள் உண்டு, டீசல் படகுகளும் ஈரத்திலேயே காலம் தள்ளுகின்றன, கார் மட்டும் ஏன் இப்படி நோஞ்சானாக இருக்க வேண்டும்? மண்ணெண்ணெய் எஞ்சின் அந்த எரிபொருளுக்கென்றே குறைந்த அமுக்க விகிதத்தில் செய்யப்பட்டது. படகின் சிறிய டீசல் எஞ்சினில் பெரும்பாலும் பழைய இயந்திர வகைப் பம்பும் நாசிலும்தான். அழுத்தம் காமன் ரெயிலில் பாதிகூட இல்லை. அதை ஓட்டுகிறவர் ஃபில்டரைத் தாமே கழற்றி நீரை வடிப்பார், நாசிலைத் துடைத்து மாட்டுவார். அந்தப் பராமரிப்பே அந்த எஞ்சினின் ஆயுள். காரில் வாட்டர் செபரேட்டர் விளக்கு எரிந்தாலும் சர்வீஸ் தேதி வரட்டும் என்று ஓட்டுகிறவர்களே அதிகம்.

பங்கில் வடிதாள் சோதனை இருக்கிறதே என்பது அடுத்த வாதம். தாளில் விட்ட பெட்ரோல் துளி கறையில்லாமல் காய்ந்தால் மண்ணெண்ணெய் போன்ற கனமான பொருள் இல்லை என்று ஓரளவு கொள்ளலாம். நாப்தா போன்ற இலகுவான கரைப்பானும் கறையின்றி ஆவியாகும்; தொட்டி அடியில் பிரிந்து கிடக்கும் நீரும் அதில் தெரியாது. அடர்த்தி அளப்பதிலும் ஓட்டை உண்டு: மண்ணெண்ணெயின் அடர்த்தி டீசலுக்கு நெருக்கமானது, சிறிதளவு கலந்தால் எண் அதிகம் நகராது. சோதனைக்கு எட்டாத மாசும் உண்டு. 2007 தொடக்கத்தில் இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஆயிரக்கணக்கான கார்கள் திணறியபோது வழக்கமான சோதனைகள் எதையும் காட்டவில்லை. பிறகே பெட்ரோலில் சிலிக்கன் சேர்ந்து ஆக்சிஜன் சென்சார்களை மூடியது தெரிந்தது. ஆனால் நீருக்கென்று நேரான சோதனை ஒன்று உண்டு: அளவுகோலின் நுனியில் தடவித் தொட்டிக்குள் இறக்கும் பசை, நீர் பட்ட உயரம் வரை நிறம் மாறும். எத்தனால் கலவைக்கு அதற்கேற்ற பசையே வேண்டும். தாள் சோதனையைக் கேட்கத் தெரிந்த வாடிக்கையாளர்கள் இதைக் கேட்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

ஆகவே மழைக்காலத்தில் இந்தச் சாலையில் எண்ணெய் போடுகிறவர், வளாகத்தில் வெள்ளம் நின்ற பங்கையும் டேங்கர் லாரி அப்போதுதான் இறக்கிக்கொண்டிருக்கும் பங்கையும் தவிர்ப்பது நல்லது. இறக்கும்போது அடி கலங்கும். நிரப்பிய உடனே வண்டி திணறினால் மறுபடி மறுபடி ஸ்டார்ட்டர் அடிக்கக் கூடாது, ஒவ்வொரு சுற்றும் நீரை உள்ளே தள்ளும். இழுவை வண்டியில் எடுத்துச் சென்று டேங்கை வடிக்கும்போது முதல் ஒரு லிட்டரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள், நீர் இருந்தால் சற்று நேரத்தில் கோடு தெரியும். அந்தப் பாட்டிலும், நேரம் அச்சான பில்லும் இல்லாமல் எந்தப் பங்கின் மீதும் இழப்பீடு கேட்டு நுகர்வோர் ஆணையத்தில் நிற்பது கடினம்.