தந்தை பெயரும் தலைப்பெழுத்தும்: சமணர்மலை முதல் டென்மார்க் வரை

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு வருகைப் பதிவேடுகளை மலர்க்குழுவினர் என்னிடம் தந்து, உறுப்பினர் பெயர்ப்பட்டியலை அகரவரிசையில் அமைத்துத் தருமாறு பணித்தனர். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் பணி என்றே எண்ணினேன். ஆனால் முதற்பதிவேட்டைப் புரட்டிய அளவிலேயே கை நின்றுவிட்டது. தொடக்க ஆண்டில் ஒற்றைத் தலைப்பெழுத்தோடு கையொப்பமிட்ட அன்பர் ஒருவர், அயல்நாட்டில் மகன் இல்லத்தில் சில திங்கள் தங்கித் திரும்பியபின், தந்தையின் முழுப்பெயரைத் தம் பெயருக்குப் பின்னே எழுதத் தொடங்கியிருந்தார். பெண்கவிஞர் ஒருவர் திருமணத்துக்கு முன் ஓரெழுத்தும் பின் வேறோர் எழுத்தும் இட்டிருந்தார். புனைபெயர் பூண்டோர் எவ்வெழுத்தும் இடவில்லை. இவர்களை எந்த எழுத்தின்கீழ் நிறுத்துவது? தந்தையின் எழுத்தின்கீழா, தத்தம் எழுத்தின்கீழா?

பட்டியலுக்குரிய சிறு சிக்கலாகத் தோன்றிய இது, ஆராயுங்கால் ஈராயிரம் ஆண்டு வரலாறுடைய வினாவாக விரிந்தது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையில் எழுதிய உறவுகள்

விடையின் முதற்பகுதி நம் கண்ணெதிரிலேயே உள்ளது. கீழக்குயில்குடியில் தாமரைக் குளக்கரையில் நின்று அண்ணாந்தால் தெரிவது சமணர்மலை. அதன் ஒரு புறத்தே செட்டிப்புடவு. மேலே படியேறிச் சென்றால் பேச்சிப்பள்ளம். இவ்விரண்டு இடங்களிலும் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த தீர்த்தங்கரர் திருமேனிகளும், அவற்றின்கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. திருமேனியைச் செய்வித்தோர் யாவர் என்பதே அக்கல்வெட்டுகளின் செய்தி.

அவற்றில் துறவியர் தம்மை இன்னாரின் மகன் என்று கூறிக்கொள்ளவில்லை. 'குணசேனதேவர் மாணாக்கர்' என்ற தொடரே திரும்பத் திரும்ப வருகிறது. இல்லறம் துறந்தவர்க்குத் தந்தையின் இடத்தில் ஆசிரியர் நிற்கிறார். பேச்சிப்பள்ளத்துக் கல்வெட்டொன்று இதனினும் வியப்பானது. அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்பது அதன் பொருள். அச்சணந்தி பாண்டிநாட்டு மலைகள் பலவற்றில் சமணத் திருமேனிகள் உருவாகக் காரணமான துறவி. இங்கே மகனின் பெயர் தாய்க்கு அடையாளமாகின்றது. எனினும் தாயின் சொந்தப் பெயரும் மறையாமல் உடன் நிற்கின்றது.

மதுரைக்கு வடகிழக்கே மாங்குளத்து மலையில் இதனினும் தொன்மையான சான்று உண்டு. இராபர்ட் சீவல் 1882இல் கண்டறிந்த அத்தமிழிக் கல்வெட்டுகளை ஐராவதம் மகாதேவன் கி.மு. 2ஆம் நூற்றாண்டினவாகக் கணித்தார். அவற்றுள் ஒன்று, நெடுஞ்செழியனின் சகலனாகிய இளஞ்சடிகனின் தந்தை சடிகன் என ஒருவரைச் சுட்டுகிறது. தந்தை பெயரால் மகன் அறியப்படுதல் உலகெங்கும் உண்டு. இங்கோ மகன் பெயரால் தந்தை அறியப்படுகிறார். மாறாக, கருவூரை அடுத்த புகளூர்க் கல்வெட்டில் சேரர் மூவர், கோ ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோன், அவர் மகன் இளங்கடுங்கோ என வரிசைப்பட நிற்கின்றனர்.

இவற்றால் அறியப்படுவது ஒன்று. தமிழர் பெயரோடு சேர்ந்து வந்த பிறிதொரு பெயர் குடும்பத்தின் சொத்தாக வழிவழி வருவதன்று. இவர் இன்னாருக்கு இன்ன முறையினர் என்று சொல்லும் உறவுக்குறிப்பு. அக்குறிப்பு மேல்நோக்கியும் ஓடும், கீழ்நோக்கியும் ஓடும், ஆசிரியர் பக்கமாகவும் திரும்பும்.

இலக்கணம் கண்ட வழக்கு

இவ்வழக்குக்குத் தொல்காப்பியர் இலக்கணமே வகுத்துள்ளார். எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலில், னகர ஈற்று இயற்பெயரின் முன் 'தந்தை' என்னும் முறைப்பெயர் வருங்கால் நிகழும் திரிபுகளை விதந்து ஓதுகிறார். அவ்விதிப்படி சாத்தன் தந்தை சாத்தந்தை ஆகும். ஆதன் தந்தை ஆந்தை ஆகும். பூதன் தந்தை பூந்தை ஆகும். அடுத்து, தந்தை பெயரோடு மகன் பெயர் தொகும் முறைக்கும் விதி கூறுகிறார். சாத்தன் மகன் கொற்றன் சாத்தங்கொற்றன் ஆவான். கொற்றன் மகன் கொற்றன் கொற்றங்கொற்றன் ஆவான். இடையே நிற்கும் அம்முச்சாரியை ஒன்றே மகன்மைப் பொருளைத் தாங்கிவிடுகிறது.

இவ்விதியை மனத்திற்கொண்டு சங்கப் புலவர் பெயர்களை நோக்கினால் பல பெயர்கள் விளங்கித் தோன்றும். மதுரை எழுத்தாளன் சேந்தம்பூதனார், சேந்தன் மகன் பூதனார். கருவூர்க் கண்ணம்புல்லனார், கண்ணன் மகன் புல்லனார். பிசிராந்தையார், பிசிர் என்னும் ஊரினராகிய ஆதன் தந்தையார். தொகையாக அன்றி விரித்துக் கூறுமிடத்து, மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் எனவும், முல்லைப்பாட்டு ஆசிரியரைக் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் எனவும் ஏடுகள் குறிக்கின்றன. ஊர், தொழில், தந்தை என அடைகள் எத்தனை வரினும் அவை முன்னே நிற்க, இறுதியில் நிற்பது அவரவர் சொந்தப் பெயரே.

இம்மரபு அண்மைக்காலம் வரை தொடர்ந்து வந்துள்ளது. கனகசபையின் மகன் சுப்புரத்தினம் 'கனகசுப்புரத்தினம்' ஆனது சேந்தம்பூதன் காலத்து முறையே. அவரே பின்னர்ப் பாரதியை ஆசானாக வரித்துப் பாரதிதாசன் ஆனார். அவர்பால் பற்றுக்கொண்ட இராசகோபாலன் சுப்புரத்தினதாசன் என்பதன் சுருக்கமாகச் சுரதா ஆனார். இது சமணர்மலைத் துறவியர் காட்டிய மாணாக்கர் மரபன்றி வேறென்ன? புனைபெயர் பூண்ட நம் கவிஞர்கள், மரபை மீறிவிட்டதாகக் கருத வேண்டியதில்லை.

ஹான்சென் என்னும் பெயர்

உறவைக் குறித்த ஒரு சொல், உறவொழிந்து வெறும் பெயராக இறுகிப்போவதும் உண்டு. அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஸ்காண்டிநேவிய நாடுகளில் கிடைக்கிறது. அந்நாட்டார் நமக்கு முற்றிலும் அயலாரல்லர். தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனியர், 1845 வரை அவ்வூரைத் தம் ஆட்சியில் வைத்திருந்தனர்.

அவர்கள் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய நாளில், டென்மார்க்கின் உழவரும் மாலுமியரும் நம்மைப் போலவே பெயர் வைத்துக்கொண்டனர். நம் விவிலியம் யோவான் என்று கூறும் யோஹான்னெஸ் என்ற பெயர், பேச்சு வழக்கில் ஹான்ஸ் ஆயிற்று. ஹான்சின் மகன் நீல்ஸ் என்றால் அவன் நீல்ஸ் ஹான்சென். 'சென்' என்பதற்கு மகன் என்பது பொருள். நீல்சுக்குப் பெதர் என்றொரு மகன் பிறந்தால் அவன் ஹான்சென் அல்லன்; பெதர் நீல்சென். மகள் பிறந்தால் அவள் பெயர் 'தத்தெர்' என முடியும். மகள் என்பது அதன் பொருள். தலைமுறைதோறும் இரண்டாம் பெயர் மாறிக்கொண்டே வந்தது.

அரசுக்கு இது பொருந்தவில்லை. ஒரே குடும்பத்தாரைப் பதிவேட்டில் தொடர்ந்து அறிய, மாறாத பெயர் வேண்டியிருந்தது. டென்மார்க்கில் 1828ஆம் ஆண்டின் ஞானமுழுக்கு ஆணை, குழந்தைக்குக் குடும்பப்பெயரும் சூட்டப்பட வேண்டும் என்றது. 1856ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உறுதிப்படுத்தியது. சுவீடனில் 1901ஆம் ஆண்டு ஆணையும், நார்வேயில் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வழியே சென்றன. ஆணை வந்த நாளில் எவருடைய தந்தை ஹான்சோ, அவருடைய வழித்தோன்றல்கள் யாவரும் என்றென்றைக்கும் ஹான்சென் ஆயினர். தந்தை பெயர் எதுவாயினும் சரி, மகளாயினும் சரி, 'ஹான்சின் மகன்' என்பதே பெயர்.

பெயர்கள் இன்று இவ்வளவு பரவியிருப்பதற்கு இதுவே காரணம். ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் வாழும் டென்மார்க்கில் நீல்சென், யென்சென், ஹான்சென் என்னும் மூன்று பெயர்களில் ஒவ்வொன்றையும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் தாங்கியுள்ளனர். நார்வேயில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர் ஹான்சென். இவர்கள் யாவரும் ஒரு குலத்தவர் அல்லர். ஒருவரோடு ஒருவர் உறவுடையோரும் அல்லர். ஆயிரக்கணக்கான ஹான்சுகள் அந்நாடுகளின் சிற்றூர்களில் வாழ்ந்தனர் என்பதற்கு மட்டுமே அப்பெயர் சான்று.

ஐஸ்லாந்து ஒன்றே பழைய முறையைக் கைவிடவில்லை. புதிதாகக் குடும்பப்பெயர் சூட்டிக்கொள்வதை 1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நாடு தடுத்தது. 1980 முதல் 1996 வரை அதன் குடியரசுத் தலைவராக விளங்கிய அம்மையார் விக்தீஸ் பின்போகாடோட்டிர். பின்போகியின் மகள் விக்தீஸ் என்பது பொருள். நாட்டுமக்கள் அவரை விக்தீஸ் என்றே அழைத்தனர். அந்நாட்டுத் தொலைபேசிக் கையேடும் சொந்தப் பெயரின் அகரவரிசையிலேயே அமைந்தது. தாயின் பெயரால் வழங்கப்படுதலும் அங்கு இசைவுடையது.

கட்டத்துள் அடைபடும் பெயர்

தமிழகத்தின் நிலை என்ன? ஆங்கிலேயர் காலத்துப் பதிவேடுகளில் தந்தை பெயர் ஓரெழுத்தாகச் சுருங்கித் தலைப்பெழுத்தாயிற்று. பெயரின் இறுதியில் சாதிப்பெயர் நின்ற வழக்கை மாற்ற, 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரோடு சேர்ப்பதைக் கைவிடுமாறு தீர்மானித்தது. வால்போல் நின்ற சாதிப்பெயர் காலப்போக்கில் உதிர, எஞ்சியது தலைப்பெழுத்தும் சொந்தப் பெயருமே. இந்தியாவின் பிற பகுதியினர் பலரிடம் காணாத இந்நிலை நமக்குப் பெருமை தருவதே. தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டும் எனத் தமிழக அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது.

ஆனால் கடல் கடக்கும் தமிழரை, கடவுச்சீட்டில் உள்ள 'குடும்பப்பெயர்' என்னும் கட்டம் எதிர்கொள்கிறது. மலேசியத் தமிழர் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என மகன், மகள் என்பவற்றுக்குரிய மலாய்ச் சொற்களை இடையிலிட்டு உறவைக் காத்துக்கொண்டனர். ஏனைய நாடுகளில் தந்தை பெயரை விரித்து அக்கட்டத்தை நிரப்புகிறோம். உலகச் சதுரங்க வாகையர் விசுவநாதன் ஆனந்தை அயல்நாட்டார் அன்போடு 'விஷி' என்றனர்; அது அவர் தந்தையார் பெயரின் சுருக்கம். வேங்கடராமன் என்ற ஒரே பெயர் இரண்டாகப் பிரிந்ததால் 1928இல் கண்டறியப்பட்டது 'ராமன் விளைவு' ஆயிற்று. விண்ணியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் சொந்தப் பெயர் இறுதியில் நின்றமையால், 1999இல் விண்ணில் ஏவப்பட்ட தொலைநோக்கி அவர் பெயராலேயே 'சந்திரா' எனப்பட்டது.

இவை ஒரு தலைமுறையின் செய்திகள். அயல்நாட்டில் பிறக்கும் அடுத்த தலைமுறைக்கு, அக்கட்டத்தில் இருந்த பாட்டனார் பெயரே குடும்பப்பெயராகிறது. அதற்கடுத்த தலைமுறையில் அது எவருடைய பெயர் என்பதே மறந்துபோகும். 1828இல் ஆணையால் ஹான்சுக்கு நேர்ந்தது, இன்று ஆணை ஏதுமின்றி நம் முத்துசாமிக்கும் கருப்பையாவுக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது.

மகள் பெயர்

இம்மாற்றத்தின் சுமை பெண்கள் மேல் மிகுதியாக விழுகிறது. டேனிய மகளிர் 'மகன்' என்னும் ஈற்றைச் சுமந்தது போல, அயல்நாடு செல்லும் தமிழ்ப்பெண் கணவரின் சொந்தப் பெயரையோ மாமனாரின் பெயரையோ தன் குடும்பப்பெயராகச் சுமக்கிறாள். உள்ளூரிலும் நிலைமை வேறன்று. என் முனைவர் பட்டச் சான்றிதழில் தந்தையின் எழுத்து. குடும்ப அட்டையில் கணவரின் எழுத்து. இவ்விருவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதித் தந்தவள் நான். என் மாணவி ஒருத்தி தாயால் மட்டுமே வளர்க்கப்பட்டவள். விண்ணப்பத்தில் தந்தை பெயருக்குரிய இடத்தில் தாயின் பெயரை எழுதினாள். அது திருப்பியனுப்பப்பட்ட நாளில், 'அம்மாவுக்குப் பெயர் இல்லையா?' என்று என்னிடம் கேட்டாள்.

சட்டம் அவ்வினாவுக்குச் சிறிது சிறிதாக விடை கூறி வருகிறது. மணமாகாத தாய், தந்தையின் பெயரை வெளியிடாமலேயே குழந்தைக்குக் காப்பாளராகலாம் என உச்சநீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. பெற்றோருள் ஒருவர் பெயரே கடவுச்சீட்டுக்குப் போதும் என்ற விதி 2016 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. கணவரை இழந்த தாய்க்குக் குழந்தையின் குடும்பப்பெயரை முடிவுசெய்யும் உரிமை உண்டு என 2022இல் உச்சநீதிமன்றம் கூறியது.

நம் இலக்கியம் இதில் குறையற்றது என்று கூறமாட்டேன். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் எனத் தந்தை பெயரோடு தம் பெயரும் விளங்க நிற்கிறார் ஒருவர். புறநானூற்றில் இடம்பெற்ற பாரி மகளிரோ தந்தை பெயரால் மட்டுமே அறியப்படுகின்றனர். அவர்தம் சொந்தப் பெயர்களை அத்தொகை நமக்குத் தரவில்லை. உறவைச் சொல்லி ஆளை மறைக்கும் பெயருக்கும், உறவையும் சொல்லி ஆளையும் காட்டும் பெயருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆகவே மலர்க்குழுவினர்க்கு நான் அளித்துள்ள பட்டியல், அவரவர் சொந்தப் பெயரின் முதலெழுத்தை அடிப்படையாகக் கொண்டது. தந்தை பெயரோ தாய் பெயரோ இரண்டுமோ, அவரவர் விரும்பியவாறு, சுருக்கப்படாமல் முன்னே நிற்கும். ஆசானின் பெயரைத் தாங்கியோர் அவ்வாறே நிற்பர். அயல்நாட்டில் வாழும் நம் உறுப்பினர்கள், தம் மக்களுக்கு அக்கட்டத்தில் உள்ள பெயர் யாருடையது என்பதையும், அவர் என்ன தொழில் செய்தார், எவ்வூரில் வாழ்ந்தார் என்பதையும் எழுதி வைத்துவிடுவாராயின், அப்பெயர் இன்னொரு ஹான்சென் ஆகாது.

பட்டியலை முடித்த மறுநாள் என் மாணவியரோடு பேச்சிப்பள்ளத்துக்குப் படியேறினேன். குணமதியாரின் பெயருள்ள வட்டெழுத்தை அவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்தனர். கேள்வி கேட்ட அம்மாணவி தன் குறிப்பேட்டில் அவ்வரியைப் படியெடுத்தாள். அதன்கீழ்த் தன் பெயரையும், அதற்கு முன்னே தன் தாயின் பெயரை முழுமையாகவும் எழுதினாள்.