பட்டியலும் உரிமையும்: இந்திய மாற்றுத்திறனாளிகள் சட்ட வரலாறு

முன்னுரை

உடற்குறைகளை வகைப்படுத்திக் கூறும் மரபு தமிழில் தொன்மையானது. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28ஆம் பாடல் எண்வகைக் குறைகளை நிரல்படுத்தி, அவற்றைப் பயனற்ற பிறப்புகளாகக் காட்டுகிறது. அங்கே பட்டியல் விலக்கி வைக்கும் கருவியாகும். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பட்டியலே உரிமை கோரும் கருவியாயிற்று. இம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

எண்ணப்படாத மக்கள்

1872 முதல் 1931 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் உடல், மனக் குறைகளைப் பதிவு செய்தன. 1941இல் அவ்வினா கைவிடப்பட்டது. 1981இல் மீண்டும் இடம்பெற்றபோது முற்றிலும் பார்வையற்றோர், முற்றிலும் பேச இயலாதோர், முற்றிலும் முடமானோர் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டனர். தொகை ஏறத்தாழ 11 லட்சம். 1991இல் வினாவே இல்லை.

1995ஆம் ஆண்டுச் சட்டம்

1992 டிசம்பரில் பெய்ஜிங்கில் நிகழ்ந்த ஆசிய பசிபிக் மாநாட்டின் பிரகடனத்தை இந்தியா ஏற்றது. அதனைச் செயற்படுத்தும் சட்டம் வேண்டி ஜாவேத் அபிதி முதலானோர் தில்லியில் இயங்கினர். 1995 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் 1996 பிப்ரவரி 7 முதல் நடைமுறைக்கு வந்தது. அது ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசுப் பணிகளில் 3 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்கியது. ஆயினும் மனநோயாளரும் அறிவுசார் குறைபாடுடையோரும் பட்டியலில் இடம்பெற்றும் பணி ஒதுக்கீட்டில் இடம்பெறவில்லை. பட்டியலில் சேர்வது மட்டுமே உரிமையாகிவிடாது என்பதை இதனால் அறியலாம்.

இயக்கங்களின் தொடர் வற்புறுத்தலால் 2001 கணக்கெடுப்பில் ஊனம் குறித்த வினா மீண்டும் சேர்க்கப்பட்டது. அப்போது கிடைத்த தொகை 2.19 கோடி. இருபதாண்டுகளில் மக்கள் திடீரெனப் பெருகிவிடவில்லை. வினாவின் எல்லையே விரிந்தது.

2016ஆம் ஆண்டுச் சட்டம்

ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்தபின் புதிய சட்டத்திற்கான கோரிக்கை வலுப்பெற்றது. 2014இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா குறித்து இயக்கங்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. உடனே நிறைவேற வேண்டும் என்றனர் ஒருசாரார். உரிமைகள் குறைக்கப்பட்டுள்ளன என்றனர் மற்றொருசாரார். 2016 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில் வகைகள் 21 ஆயின. ஒதுக்கீடு 4 விழுக்காடாயிற்று. முன்பு விடுபட்ட மனநோயாளரும் அறிவுசார் குறைபாடுடையோரும் ஒதுக்கீட்டுக்குள் வந்தனர். மேலும், குறை உடலில் மட்டும் இல்லை, சூழலின் தடைகளோடு அது மோதும் இடத்தில் உள்ளது என்னும் கருத்தும் வரையறையில் இடம்பெற்றது.

முடிவுரை

தமிழக அரசு 2010இல் 'ஊனமுற்றோர்' என்பதற்கு மாற்றாக 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் சொல்லை ஏற்றதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. எனினும், ஒதுக்கீடு பெற இன்றும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பைக் காட்டும் மருத்துவச் சான்று தேவைப்படுகிறது. வரையறை சூழலை நோக்கி நகர்ந்துள்ளது; அளவுகோல் இன்னும் உடலின்மீதே உள்ளது. இவ்விடைவெளியே இனிவரும் உரிமைப் போராட்டங்களின் களம் எனலாம்.