ஜாக்ஸன் வரைந்த படமும் தமிழர் அமர்ந்த இடமும்

சிங்கப்பூரின் பழைய தேசப்படங்களுள் மிகப் பிரசித்தமானது, லெப்டினன்ட் பிலிப் ஜாக்ஸன், ராஃபிள்ஸின் உத்தரவுக்கிணங்க 1822ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி வகுத்ததும், 1828இல் ஜான் கிராஃபர்டின் பிரயாண நூலோடு லண்டனில் அச்சேறியதுமான நகரத் திட்டமாகும். கடலோரத்தை அடியாக வைத்து, ஆற்றுக்கு வடக்கே சர்க்கார் நிலமும், அதை அடுத்து ஐரோப்பியர் நகரும், அப்பால் அரபுக் கம்பமும் கம்போங் கிளாமும் பூகிஸ் கம்பமும் அமைய, தென்கரையில் சீனர் கம்பமும், அதற்கு மேலே ஆற்றோரமாகவே தமிழருக்கென்று சூலியா கம்பமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. வீதிகளெல்லாம் அளவுகோல் வைத்துக் கீறிய நேர்கோடுகள்; ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டிச் செல்கின்றன. அக்கோடுகள் ஓடும் இடங்களிற் பல அன்றைக்குச் சதுப்பாகவும் காடாகவும் கிடந்தன என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், ஜாக்ஸன் எழுதியது கண்ட ஊரையன்று, எஜமானர் காண விரும்பிய ஊரை என்பது விளங்கிவிடும்.

எனினும் காகிதத்தில் மட்டும் இருந்த அந்த ஊருக்கு ஒரு கோயிலையே இடம் பெயரச் செய்யும் வலிமை இருந்தது. 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து கப்பலேறி வந்து, இங்கே முதல் செங்கல் சூளையை ஏற்படுத்திய நாராயண பிள்ளை, அம்மனுக்கு ஆலயம் எழுப்ப இடம் கேட்டபோது முதலில் தெலுக் ஆயரில் ஒரு மனை கிடைத்தது. பூஜைக்கு வேண்டிய நல்ல தண்ணீர் அங்கே இல்லை. பிறகு 1821இல், இன்றைய ஸ்டாம்ஃபர்டு கால்வாயருகே வேறோர் இடம் தரப்பட்டது. மறு ஆண்டே வந்த நகரத் திட்டம் அந்நிலத்தை வேறு காரியத்துக்கு ஒதுக்கிவிட்டது. கடைசியில் 1823இல் சௌத் பிரிட்ஜ் ரோட்டில் நிலம் வாய்த்து, 1827இல் மரத்தாலும் கீற்றாலும் எழும்பிய மாரியம்மன் கோயிலே இன்று கோபுரத்தோடு விளங்குகிறது. சைனாடவுனின் நடுவே இந்தக் கோயில் எப்படி வந்தது என்று வியப்பவர்களுக்கு, ஜாக்ஸனின் படத்தை விரித்துக் காட்டுவதே தக்க பதில்.

விருப்பத்தை எழுதும் படத்துக்கும் அளந்து எழுதும் படத்துக்கும் உள்ள பேதத்தை அறிய, அயர்லாந்துக்காரரான கோல்மன் அளந்து, 1836இல் கல்கத்தாவில் கல்லச்சில் பதிப்பித்த படத்தை அதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஆகாய விமானம் இல்லாத அக்காலத்தில், அறுபத்தாறு அடி நீளமும் நூறு கண்ணிகளும் கொண்ட இரும்புச் சங்கிலியை இழுத்துப் பிடித்து, பார்வைக்குக் குறுக்கே நின்ற மரங்களை வெட்டி வீழ்த்தி, முக்காலிமேல் வைத்த தியோடலைட்டால் கோணம் பார்த்தே ஒவ்வொரு வளைவும் பதிவாயிற்று. வெட்டியவர்களும் சுமந்தவர்களும் யார்? ஆங்கிலேயர் பென்கூலனை டச்சுக்காரருக்கு விட்டுக்கொடுத்தபின், 1825 முதல் இங்கே கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள். சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். 1835 வாக்கில் கோல்மன் காட்டில் அளந்துகொண்டிருக்கையில் ஒரு புலி பாய்ந்த சம்பவத்தை, ஜெர்மானிய ஓவியர் லாய்ட்டமன் பிற்காலத்தில் சித்திரமாக்கினார். புலி நேரே தியோடலைட்டின்மேல் விழுகிறது, துரை மல்லாந்து சாய்கிறார், கைதிகள் பதறுகிறார்கள். கருவியைத் தவிர வேறெதற்கும் சேதமில்லையாம்! கோல்மனின் தேசப்படத்தில் அவர் பெயர் உண்டு. அந்தக் கைதிகளின் பெயர் எங்குமில்லை.

கோல்மனுக்குப் பின் 1841 முதல் 1853 வரை சர்க்கார் சர்வேயராக இருந்த தாம்ஸன், நகரையும் சுற்றுப்புறத்தையும் அளந்து 1846இல் வேறொரு படம் தந்தார். அவர் பெயரை இன்றும் தாம்ஸன் ரோடு சொல்லிக்கொண்டிருக்கிறது.

நம்மவர்களுக்கு இப்படங்களில் நெருங்கிய அக்கறை ஏற்படுவதற்கு விசேஷ காரணம் ஒன்றுண்டு. ஜாக்ஸன் தமிழருக்கென்று ஒதுக்கிய ஆற்றோரத்தில் இப்போது சூலியா ஸ்திரீட் என்ற பெயரும், சற்றுத் தள்ளி 1826இல் அமைந்த ஜாமிஆ சூலியா மசூதியும் எஞ்சியிருக்க, மற்றதெல்லாம் வங்கிகளின் மாளிகைகளாகிவிட்டது. தமிழ் முழங்கும் சிராங்கூன் ரோடோ ஜாக்ஸன் வகுத்த எல்லைக்குள்ளேயே அடங்கவில்லை. அங்கே தமிழரைக் குடியேற்ற எந்த அதிகாரியும் கோடு கிழிக்கவில்லை. செங்கல் சூளைகள் வந்தன. ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரையும் புல்லையும் நம்பி மாட்டு வியாபாரம் வந்தது. வேலை தேடியவர்கள் அதன் பின்னே வந்தார்கள். பிற்காலப் படங்களில்தான் பஃபலோ ரோடு, மாட்டு வியாபாரி பெலிலியோஸின் பெயரால் ஒரு வீதி, குதிரைப் பந்தயத் திடலை நினைவூட்டும் ரேஸ் கோர்ஸ் ரோடு, டாக்டர் வீராசாமியின் பெயர் தாங்கிய சாலை என்று அந்த வாழ்க்கை ஒவ்வொன்றாய்க் காகிதத்தில் ஏறுகிறது. 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டபோது, யாரும் திட்டமிடாத அந்த ஊருக்கு முறைப்படி ஓர் எல்லைக்கோடு கிடைத்தது. ஜாக்ஸனின் படம் அழகாயிருப்பது அதன் நேரான கோடுகளால். அது ருசிப்பதோ அக்கோடுகளை ஜனங்கள் மதிக்காது போனதால் என்பது என் அபிப்பிராயம்.

இவற்றைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகம், தென்கிழக்காசியாவின் புராதனப் படங்களை டேவிட் பாரி என்பவர் சேகரித்த தொகுதியோடு பாதுகாத்து வருகிறது. சிராங்கூன் ரோட்டில் காய்கறி வாங்க வந்தவர்கள் நடந்தே போய்விடலாம். ஆனால் சர்க்கார் படங்களில் ஏறாத விவரங்கள் நம்மவர் கையில்தான் உள்ளன. கோயில் அலுவலகத்திலோ, பழைய சங்கத்திலோ, பாட்டனார் கடையின் இரும்புப் பெட்டியிலோ மடிப்புக் கிழிந்த மனைப்படம் ஏதேனும் கிடந்தால், அதைச் செல்லரிக்க விடாமல், கானிங் ரைஸிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு தரம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.