ஓட்டிலிருந்து தசைக்கு: உணவு வலை ஆய்வில் மாதிரி பக்குவப்படுத்தலின் வரலாறும் புதுச்சேரி ஏரிகளும்

முன்னுரை

ஏரியில் எவ்வுயிர் எதை உண்கிறது என்பதை அதன் உடலிலுள்ள கார்பன், நைட்ரஜன் ஆகியவற்றின் நிலைத்த ஐசோடோப்பு விகிதங்களால் அறியலாம். அளவிடும் கருவி நுட்பமானது; ஆயினும் அதனுள் இடப்படும் மாதிரி எவ்வாறு பக்குவப்பட்டது என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது. அமிலத்தால் ஓட்டைக் கரைத்தல் என்னும் ஒரே செயல், முதலில் ஓட்டை அளப்பதற்கும் பின்னர் அதை விலக்குவதற்கும் பயன்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஏரிகளுக்கு அது உணர்த்துவதையும் சுட்டுகிறது.

ஓடே மாதிரியான காலம்

வில்லியனூர் கொம்யூனின் சேதராப்பட்டும் அதனையடுத்த வழுதாவூரும் கிரிட்டேசியக் காலக் கடலுயிரிகளின் புதைபடிவங்களுக்குப் பெயர்பெற்றவை. கேயும் கன்லிஃபும் புதுச்சேரிப் பகுதியிலும் பிறவிடங்களிலும் திரட்டிய படிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். அன்று ஓட்டின் வடிவமே சான்றாயிற்று. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதன் வேதியியலும் சான்றானது. ஓட்டுக் கார்பனேட்டின் ஆக்சிஜன் ஐசோடோப்புகள் பண்டைய வெப்பநிலையைக் காட்டக்கூடும் என்று ஹெரால்டு யூரி 1947இல் எடுத்துரைத்தார். கார்பனேட்டைப் பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் முறையை மெக்ரே 1950இல் வெளியிட்டார். தென் கரோலினாவின் பீடீ பாறையடுக்கில் கிடைத்த பெலம்னைட்டு என்னும் கிரிட்டேசிய மெல்லுடலியின் படிவமே பின்னர்க் கார்பன் அளவீட்டின் உலகத் தரமாயிற்று.

ஓடு மாசான காலம்

விலங்கின் உடற்கார்பன் அதன் உணவைப் பிரதிபலிக்கிறது என்பதை டிநீரோவும் எப்ஸ்டைனும் 1978இல் நிறுவினர். நைட்ரஜன் பற்றிய ஆய்வை 1981இல் வெளியிட்டனர். உணவுப்படி ஒன்றுக்கு நைட்ரஜன்-15 சராசரியாக ஆயிரத்துக்கு 3.4 அளவு உயர்கிறது என 1984இல் மினகாவாவும் வாடாவும் காட்டினர். ஏரியின் அடிப்படை அளவை நத்தை, மட்டி ஆகியவற்றின் தசையிலிருந்து பெறலாம் என்றார் டேவிட் போஸ்ட் (2002).

தசையின் கார்பன் உணவிலிருந்து வருவது. ஓட்டின் கார்பனில் பெரும்பகுதி நீரில் கரைந்துள்ள கார்பனிலிருந்து வருவது. எனவே உயிரியைத் தூய நீரில் வைத்துக் குடலை வெறுமையாக்கி, ஓட்டை நீக்கி, தசையைக் கழுவி, ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் உலர்த்திப் பொடியாக்குவர். ஓட்டைப் பிரிக்க இயலாத சிற்றுயிர்களுக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இடுவர். மெக்ரே தேடிய அதே வாயு இங்கு வெளியேற்றப்படுகிறது. அமிலக் கழுவல் இறாலின் நைட்ரஜன் அளவை மாற்றக்கூடும் என்று பன் முதலியோர் 1995இல் எச்சரித்தனர். அதனால் மாதிரியை இரண்டாகப் பகுத்து, அமிலமிட்ட பாதியில் கார்பனையும் இடாத பாதியில் நைட்ரஜனையும் அளத்தல் தக்க முறையாகும்.

ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும்

சங்கராபரணி நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே ஊசுட்டேரியையும், பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரியையும் அடைகின்றன. பாகூர் வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. கார்பன்-13 அளவு நெல்லில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ -27; கரும்பில் ஏறத்தாழ -13. ஓட்டுக் கார்பனேட்டின் அளவு பொதுவாகத் தசையினதை விட உயர்ந்தது. ஆகவே நத்தை மாதிரியில் ஓட்டுத்துகள் எஞ்சினால், அந்நத்தை கரும்பு வயலின் சருகை உண்டது போன்ற பொய்த்தோற்றம் எழும்; அதனை உண்ணும் நத்தைகுத்தி நாரையின் உணவுத்தொடரும் பிழையாகவே வரையப்படும்.

முடிவுரை

வயலுக்கும் ஏரிக்கும் உள்ள தொடர்பை மதிப்பிடும் முடிவுகள் இத்தகைய எண்களையே சார்ந்துள்ளன. குடல் நீக்கம், அமிலப் பயன்பாடு, உலர்த்திய வெப்பநிலை ஆகியவற்றை அளவீட்டுடன் சேர்த்துப் பதிவுசெய்யாத எண்ணை மற்றோர் ஏரியின் எண்ணோடு ஒப்பிட இயலாது.