காஞ்சிப் பொன்மாளிகையும் உடையார்குடிக் கல்வெட்டும்

காஞ்சிபுரம் போனால் எல்லாரும் பட்டுக்கடையைத் தேடுவாங்க. நான் பொன்மாளிகை எங்கே இருந்திருக்கும்னு தேடுவேன். சுந்தர சோழர் மறைந்த இடம் அது. அவருடைய மூத்த மகன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

முக்கியத் துப்பு, காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்கிறது. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழரைச் சந்தேகித்தார். இந்தக் கல்வெட்டு அவரைக் குற்றம் சாட்டவில்லை. கொலை நடந்த இடமும் காரணமும்கூட இதில் இல்லை. கடம்பூர் மாளிகைக் காட்சி கல்கியின் கற்பனை.

அப்போ என்னதான் இருக்கு? துரோகிகளின் உறவினர் சொத்தைப் பறிமுதல் செய்யும் ஆணை. அதுவும் கொலை நடந்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழித்து! நாம கொலையாளியைத் தேடுறோம். கல்லில் மிஞ்சியது, கொலை செய்யாத சொந்தக்காரங்க நிலம் இழந்த கணக்கு.